குசினிப் பக்கம்: மற்றவர் வீட்டு வெள்ளைக் கல்

போன மாதம் இந்தப் பக்கத்தில் மண் அடுப்பு மெழுகுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தங்கச்சி மானிப்பாய்ச் சந்தையடியில் என்னை மறித்தா. கையில் மரக்கறிப் பை, மற்றக் கையில் சின்ன மகள்.

"அக்கா, நீங்கள் மண் அடுப்பைப் பற்றி எழுதுறியள். நான் வேலைக்குப் போற வீட்டிலை மண் அடுப்பும் இல்லை, சீமெந்துத் திட்டும் இல்லை. பளபளவெண்டு ஒரு வெள்ளைக் கல்லுப் போட்டிருக்கினம். என்னத்தாலை துடைக்கிறதெண்டு தெரியேல்லை. கறை பிடிச்சால் என்ரை சம்பளத்திலைதான் கை வைப்பினம். அதைப் பற்றியும் ஒருக்கால் எழுதுங்கோவன்."

எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அந்தக் கல்லோடு எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்படியொரு கல் கிடையாது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே வெளிக்கிட்டபோது நாங்களும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்க்கையில் குசினிக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. தூக்கிக்கொண்டு போக ஆருக்கும் பெலன் இருந்திருக்காது. அந்த அம்மியில்தான் இன்றைக்கும் சம்பல் அரைக்கிறேன். ஆனால் கடந்த சில வருடங்களாக, கனடாவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டையும் நான்தான் பார்த்து வருகிறேன். கிழமையில் மூன்று நாள் போய்த் திறந்து, கூட்டி, துடைத்து, பூங்கன்றுக்குத் தண்ணீர் விட்டு வருவேன். வீட்டுக்காரர் வந்தால் சமையலும் என் பாடு. அந்த வீட்டுக் குசினியில்தான் இந்த வெள்ளைக் கல் இருக்கிறது.

முதலில் இது என்ன கல் என்று பார்ப்போம். தெரியாத பொருளைத் துடைக்கப் போய்த்தான் பழுதாக்குகிறோம்.

எங்கள் குடாநாட்டில் தோண்டினால் வருவது சுண்ணாம்புக் கல் மட்டுமே. அம்மிக்குக்கூட வெளியிலிருந்துதான் கல் வரவேண்டும். இப்போது புது வீடுகளின் குசினித் திட்டுக்குப் போடும் கற்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று மாபிள். மற்றது கிறனைற். இரண்டும் மலையில் இருந்து அறுத்து எடுக்கும் இயற்கைக் கற்கள். மூன்றாவதுதான் குவாட்ஸ் என்று கடைக்காரர் சொல்லும் கல். இதை மலையில் அறுப்பதில்லை, தொழிற்சாலையில் செய்கிறார்கள். குவாட்ஸ் என்னும் படிகக் கல்லை இடித்து நொறுக்கி, பொலியெஸ்ரர் பிசினும் நிறமும் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அதிர வைத்து, அழுத்திப் பலகையாக்கிச் சூட்டில் இறுக வைப்பார்கள். இத்தாலியில் பிரெற்றன் என்னும் நிறுவனம் உருவாக்கிய முறை இது. நிறையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குவாட்ஸ், மிச்சம் பிசின்.

குவாட்ஸ் எங்களுக்குப் புதிதல்ல. வடமராட்சியில் அம்பன், வல்லிபுரம், மணற்காட்டுப் பக்கம் வெய்யிலில் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை மணல் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு குவாட்ஸ்தான். அந்த மணலைப் பிசின் விட்டு ஒட்டி ஒரு பலகையாக்கியதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கல் பலமானது, பிசின் பலவீனமானது. இந்தக் கல்லைப் பராமரிப்பது என்றால் அந்தப் பிசினைக் காப்பாற்றுவதுதான்.

நான் வேலை செய்யும் வீட்டில் இருப்பது எந்தக் கல் என்று எப்படி அறிவது? வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் அது தண்ணீர் உறிஞ்சும் இயற்கைக் கல். ஈரம் காயக் கறுப்புப் போய்விடும், பழுதில்லை. கறுக்காவிட்டால் குவாட்ஸாகவும் இருக்கலாம், மேலே பூச்சுப் பூசிய கிறனைற்றாகவும் இருக்கலாம். தேசிக்காய்ப் புளி விட்டு மட்டும் சோதிக்கவேண்டாம். மாபிளாக இருந்தால் புளி பட்ட இடம் அரித்து மங்கிப் போகும், பிறகு துடைத்து எடுக்க முடியாது. மாபிளும் ஒரு விதச் சுண்ணாம்புக் கல்தானே.

குவாட்ஸ் கல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் கிறனைற்றுக்குப் பூசுவதுபோல் வருடா வருடம் பூச்சு ஒன்றும் பூசத் தேவையில்லை. ஆரும் வந்து பூசவேண்டும் என்று காசு கேட்டால் கொடுக்கவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். நாளாந்தம் துடைப்பதற்கு ஒரு பழைய பருத்தித் துணி போதும். நான் பாவிப்பது கிழிந்த சாரத்துண்டு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, துணியைத் தோய்த்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அலசிய துணியால் ஒருமுறை. கடைசியாகக் காய்ந்த துணியால் ஒருமுறை.

இந்தக் கடைசித் துடைப்பை வெளிநாட்டு ஆட்கள் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். அவர்கள் ஊர்த் தண்ணீர் வேறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்குப் படிவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதே சுண்ணாம்பு கல்லிலும் படியும். தண்ணீரைத் துடைக்காமல் காயவிட்டால் ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வட்டம் விடும். இன்னொன்று, கட்டிச் சவர்க்காரம் போடாதீர்கள். எங்கள் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து ஒரு வெள்ளைப் பாடையாகக் கல்லில் ஒட்டும். முதல் ஆறு மாதமும் நான் செய்த பிழை இது. துடைக்கத் துடைக்கக் கல் மங்குகிறதே என்று இன்னும் கூடச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மங்கலுக்குக் காரணமே அந்தச் சவர்க்காரம்தான் என்று பிறகுதான் விளங்கியது.

பைப்பின் அடியில் பொருக்காக இறுகிப்போன சுண்ணாம்புக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு துணித்துண்டை அதில் நனைத்து, பைப்பைச் சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு துடைத்து நிறையத் தண்ணீரால் அலசுங்கள். போகாவிட்டால் அடுத்த நாள் திரும்பச் செய்யலாம். இரவிரவாக ஊறப் போடக்கூடாது, புளிப்பு நெடுநேரம் நின்றால் பிசினின் மினுக்கம் போய்விடும். மேலே சொன்னதுபோல், மாபிளுக்கு இந்த வைத்தியமே கூடாது. சீமெந்து நிலத்தில் வினாகிரி சிந்தினாலும் அரிக்கும்.

மஞ்சளைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஒருநாள் மீனுக்கு மஞ்சள் பிரட்டிய கையைக் கல்லில் ஊன்றிவிட்டேன். மஞ்சள் ஐந்து விரலும் அப்படியே பதிந்து நின்றது. அவசரத்துக்குச் சவர்க்காரத்தைப் போட்டேன். மஞ்சள் எல்லாம் இரத்தச் சிவப்பாக மாறியது! எனக்கு நெஞ்சு பக்கென்றது. பிறகுதான் நினைவு வந்தது, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதியா? ஆலாத்தித் தண்ணீரே அப்படித்தானே கரைக்கிறோம். சவர்க்காரத்திலும் அதே காரம் இருக்கிறது. கல் ஒன்றும் பழுதாகவில்லை. நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரால் துடைக்கச் சிவப்பு மாறித் திரும்ப மஞ்சளானது. பிறகு பாத்திரத் திரவத்தால் துடைக்கத் துடைக்க மங்கிப்போனது. மிஞ்சிய சாயத்துக்கு அப்பச் சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டு, விரலில் துணி சுற்றி மெல்ல உரஞ்சினேன். கோப்பிக் கறைக்கும் தேயிலைக் கறைக்கும் இதே கைவைத்தியம்தான். ஆனால் சிந்திய உடனே துடைத்துவிட்டால் இந்த வேலை ஒன்றும் வராது. சமைக்கும்போது தோளில் ஒரு துணி கிடக்கட்டும்.

சாம்பலும் பொச்சும் கொண்டு தேய்த்துப் பழகிய கைகள் எங்களுடையவை. அந்தக் கையை இந்தக் கல்லில் அடக்கவேண்டும். சாம்பல், இரும்புக் கம்பிச் சுருள், கரகரப்பான தூள்கள் எல்லாம் பிசினை உரசி மினுக்கத்தை எடுத்துவிடும். கோதுமை மாவோ மெழுகோ காய்ந்து ஒட்டியிருந்தால் பழைய ரெலிபோன் காட் ஒன்றால் சுரண்டுங்கள். கல்லில் கத்தி வைத்து வெட்டவேண்டாம். கத்தியைவிடக் குவாட்ஸ் வைரமானது. கீறு விழுந்ததுபோல் தெரிகிற சாம்பல் நிறக் கோடு பெரும்பாலும் கல்லின் கீறு அல்ல, கத்தி தேய்ந்து விட்டுப்போன இரும்பு. அப்பச் சோடாக் களியால் அது போகும். கத்திதான் மொட்டையாகும். வெட்டுப் பலகை ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். மேல் அலுமாரியைத் துடைப்பதற்குக் கல்லில் ஏறி நிற்பதும் கூடாது. கைகழுவும் தொட்டிக்கு முன்னால் கல் ஒரு கை அகலம்தான் இருக்கும், அந்த இடத்தில் பாரம் ஏறினால் வெடிக்கும். கல்லை விடுங்கள், விழுந்தால் உங்கள் இடுப்பு?

புளீச் தண்ணீர், நகப்பூச்சு அகற்றும் திரவம், பெயின்ற் கழற்றும் திரவம், அடைத்த குழாய்க்கு ஊற்றும் கோஸ்ரிக் சோடா, இவை ஒன்றும் இந்தக் கல்லில் படக்கூடாது. கல்லுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நன்றாக வெளுக்கட்டும் என்று புளீச்சோடு வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையோ கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். யன்னல் பூட்டிய சின்னக் குசினியில் அது ஆளை விழுத்திவிடும். கண் எரிந்து இருமல் வந்தால் துடைக்க நிற்கவேண்டாம், உடனே வெளியில் வந்துவிடுங்கள்.

இனி என்னுடைய கணக்குக்கு வருகிறேன்.

ஒரு சித்திரை வருடப்பிறப்புக் காலம். மருதடிப் பிள்ளையார் கோயிலுக்கென்று வீட்டுக்காரரின் வயதான உறவினர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கியிருந்தார். கோயிலால் வரும்போது வடை இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தனியக் குசினியில் நின்று சுட்டேன். கடைசி ஈடு எடுத்ததும், இரும்புத் தாச்சியை எண்ணெயோடு தூக்கி, எங்கள் வீட்டுச் சீமெந்துத் திட்டில் வைக்கிற நினைப்பில் அந்த வெள்ளைக் கல்லில் வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம்கூட இராது. தூக்கிப் பார்த்தால் தாச்சியின் அடி அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம்.

சோற்றுப் பானையின் சூடு 100 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். வடை பொரிகிற எண்ணெய் 180 பாகைக்குப் போய்விடும். பிசினோ 150 பாகை அளவிலேயே கருகத் தொடங்கும். இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை. அன்றைக்கு நான் செய்தது, தேசிக்காய், வினாகிரி, அப்பச் சோடா என்று கைக்கு வந்த எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்ததுதான். கறை என்றால் மேலே இருக்கும், போகும். இது கறை அல்ல. பிசின் எரிந்த தழும்பு. எதனாலும் போகாது. கல் மினுக்குகிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தேய்த்தால் அந்த இடம் மட்டும் பள்ளமாகவும் மங்கலாகவும் தெரியும், விடுங்கோ அம்மா என்றார்.

மூன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. அந்தக் கல்லின் விலை என்னுடைய எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்துப் பார்த்து விடிந்தது. ஷெல்லுக்கு ஓடி ஒளித்த எனக்கு ஒரு கல்லுக்கு இவ்வளவு பயம் என்று சிரிப்பும் வந்தது. சாமான் வைத்து மறைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது, பொய் சொல்லமாட்டேன். நான்காம் நாள் கனடாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி அக்கா, பிறகு பாப்பம்" என்று வைத்துவிட்டா. அந்த மாதச் சம்பளம் குறையாமல் வந்தது. அடுத்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது வட்டத்தின் மேல் ஒரு பழக்கூடையை எடுத்து வைத்தா. அதைப் பற்றி அவவும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. கூடையைத் தூக்கித் துடைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த வட்டம் என்னைப் பார்க்கும்.

அதனால் தங்கச்சிமாரே, அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு தடித்த மரப் பலகை எப்போதும் கிடக்கட்டும். தாச்சி, குக்கர், கேத்தல் எது இறங்கினாலும் பலகையில் இறங்கட்டும். நெடுநேரம் சூடாக நிற்கும் மின்சார றைஸ் குக்கருக்கு அடியிலும் ஒன்று வையுங்கள். அகலமான பெரிய கிடாரத்தைக் காஸ் அடுப்பில் வைத்தால் நெருப்பு அதன் அடியால் பரவிக் கல்லைச் சுடும். அப்படியான சமையலை வெளி அடுப்புக்கு மாற்றுங்கள். புது வீட்டில் வேலைக்குச் சேரும்போதே, கல்லில் முன்பே என்னென்ன தழும்பு இருக்கிறது என்று வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிறகு வரும் பேச்சுக்கு அது உதவும்.

கல்லுக்கு வரும் தீங்கைப் பற்றி இவ்வளவு எழுதினேன். கல்லால் வரும் தீங்கு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

அந்த வீட்டுக்குக் கல் பூட்ட வந்த நாளில் நானும் அங்கே நின்றேன். கைகழுவும் தொட்டிக்கான ஓட்டையை முற்றத்தில் வைத்தே வெட்டினார்கள். தண்ணீர் இல்லை, கிறைண்டர் மட்டும். வெள்ளைப் புகைபோல் தூசு எழும்பி, செவ்வரத்தை மரம், கொடியில் காய்ந்த உடுப்பு, கிணற்றுக்கட்டு எல்லாம் மாப் பூசியதுபோல் ஆனது. வெட்டின பெடியன் வாயில் ஒரு துவாய் கட்டியிருந்தான். இமையெல்லாம் நரைத்த கிழவன்போல் இருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தோம். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, விளக்குமாறு எடுத்து முற்றத்தைக் கூட்டினேன். அந்தத் தூசு எல்லாம் திரும்ப எழும்பி என் மூக்குக்குள்ளும் போயிருக்கும்.

அது வெறும் தூசு அல்ல என்பதை நான் அறிந்தது 2024இல். அந்த வருடம் ஜூலை 1ஆம் திகதியில் இருந்து அவுஸ்திரேலியா இந்தக் கல்லைச் செய்வதையும் விற்பதையும் வெட்டுவதையும் பூட்டுவதையும் முற்றாகத் தடை செய்தது. காரணம் சிலிக்கோசிஸ் என்னும் சுவாசப்பை நோய். குவாட்ஸ் என்பது சிலிக்கா. கிறைண்டர் அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய தூளாக்குகிறது. அந்தத் தூள் சுவாசப்பையின் அடிவரை போய்த் தங்கிவிடும். உடம்பு அதைக் கரைக்கமுடியாமல் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு கூடக் கூட மூச்சுக் குறையும். மாறும் மருந்து இல்லை. சிலருக்குச் சுவாசப்பையையே மாற்றவேண்டி வந்திருக்கிறது. இஸ்ரேலில் சுவாசப்பை மாற்றுச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களிடையே இந்தக் கல் வெட்டிய 25 பேரைக் கண்டு அங்குள்ள வைத்தியர்கள் 2012இலேயே எழுதியிருந்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளம் தொழிலாளர்கள் பலருக்கு வந்தபிறகு, 2023 கடைசியில் அங்கே அவசர விதிகள் கொண்டுவந்தார்கள்.

அப்படியென்றால் மணற்காட்டு மணலில் பிள்ளைகள் விளையாடுகிறார்களே என்று கேட்பீர்கள். மணல் பருமன். மூக்கைத் தாண்டி ஆழத்துக்குப் போகாது. ஆபத்து நுண்ணிய தூளில்தான். கிறனைற்றிலும் சிலிக்கா உண்டு, ஆனால் இந்தக் கல்லில் உள்ளதில் பாதியளவுகூட இராது. மாபிளில் மிகக் குறைவு. வீட்டில் பூட்டி முடிந்த கல்லால் சமைக்கிறவருக்கோ துடைக்கிறவருக்கோ இந்த நோய் வராது. பயந்துபோய்க் கல்லைக் கழற்ற வெளிக்கிட வேண்டாம், கழற்றி உடைத்தால்தான் தூசு. துடைப்பதற்குப் பயப்படாதீர்கள். வெட்டுவதற்குப் பயப்படுங்கள்.

வெட்டுகிறவர்கள் ஆர்? எங்கள் வீட்டுப் பெடியன்கள்தான். என் பக்கத்து வளவு அக்காவுக்கு ஒரே மகன். தகப்பன் யுத்தத்தில் இல்லாமல் போனபிறகு தையல் தைத்து வளர்த்த பிள்ளை. இப்போது ஒரு கல் வெட்டும் பட்டறையில் வேலை. நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. நான் விசயத்தைச் சொன்னபோது அவ நம்பவில்லை. "அவனுக்கு ஒரு இருமல்கூட இல்லையே" என்றா. இருமல் வருமுன்னமே சுவாசப்பையில் தழும்பு தொடங்கிவிடும் என்பதை எப்படித் தாய்க்குச் சொல்வது? மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர் என்று பெருமை பேசுகிறோம். இன்றைக்கு இந்த நோயைத் தமிழில் இரண்டு வரி எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்ட ஆளில்லை.

பெடியனைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தேன். கல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் தூசு பெரும்பங்கு அமர்ந்துவிடும், முற்றாக அல்ல. அதோடு மூக்கில் சரியாக இறுகும் முகக்கவசம் வேண்டும். கொரோனாக் காலத்தில் என்-95 என்று விற்றார்களே, குறைந்தது அது. துவாய் எதற்கும் உதவாது. வீட்டுக்காரர்களும் ஒன்று செய்யலாம். தொட்டியின் அளவும் அடுப்பின் அளவும் முன்கூட்டியே கொடுத்து, ஓட்டைகளைப் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டிக் கொண்டுவரச் சொல்லலாம். வீட்டில் வெட்டத்தான் வேண்டுமென்றால் உடுப்பைக் கொடியால் எடுத்து, கிணற்றை மூடி, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். முடிந்தபின் விளக்குமாறு தொடவேண்டாம். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். எனக்கு அன்றைக்கு இது தெரியாமல் போயிற்று.

பெடியன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "மாமி, மோட்டரிலை தண்ணி பட்டால் கறண்ட் அடிக்கும் எண்டு முதலாளி விடமாட்டார்." அதிலும் நியாயம் உண்டு. தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மிசின் வேறு, சாதாரண கிறைண்டரில் தண்ணீர் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. மிசினுக்குக் காசு வேண்டும். முதலாளி இன்னும் வாங்கவில்லை. பெடியன் இப்போது முகக்கவசம் போடுகிறான். மற்றப் பெடியன்கள் நக்கல் அடிக்கிறார்களாம். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய், என்ன வேலை, எத்தனை வருடம் என்று சொல்லி நெஞ்சுப் படம் எடுக்கும்படி தாய் நச்சரித்துக்கொண்டிருக்கிறா. இந்தத் தூசு போன சுவாசப்பையில் கசநோயும் இலகுவாகத் தொற்றும். அதனால் வேலையைச் சொல்லாமல் இருமல் என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்குப் பாதி விசயம்தான் தெரியும். அவன் வாற மாதம், வாற மாதம் என்கிறான்.

தாய் தன் பங்குக்கு ஒன்று செய்கிறா. முன்பெல்லாம் மகனின் வேலை உடுப்பைப் படியில் நின்று உதறிவிட்டுத்தான் தோய்ப்பா. இப்போது உதறுவதில்லை. அவன் வந்தவுடன் கிணற்றடியிலேயே கழற்றித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிவிடுகிறா. போன ஞாயிறு காலையில் என்னைக் கூப்பிட்டு அந்த வாளியைக் காட்டினா. உடுப்பைத் தூக்கியதும் தண்ணீர் அரிசி களைந்ததுபோல் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் விட, அடியில் விரல் நகக் கனத்துக்கு வெள்ளை மா படிந்தது.

"இதை எங்கை ஊத்துறது?" என்று கேட்டா.

முற்றத்தில் ஊற்றினால் காய்ந்து திரும்பத் தூசாக எழும்பும். கிணற்றுக்குத் தள்ளி, வேலிக் கரையில் ஒரு கிடங்கு வெட்டி, அதற்குள் ஊற்றி மண் போட்டு மூடினோம்.